ஐசிஎம் படங்களுக்கு எஃப்/22 போதுமா, என்டி ஃபில்டர் வேண்டுமா?

தேரிக்காட்டுப் பனைகளை நான் ஐசிஎம் முறையில்தான், அதாவது வேண்டுமென்றே கேமராவை அசைத்துத்தான் எடுக்கிறேன். ஷட்டர் திறந்திருக்கும்போதே கேமராவை மேலிருந்து கீழே இழுத்தால் பனைகள் கருங்கோடுகளாக நீளும், செம்மண் அவற்றினூடே சாயம் போல ஏறும். இதற்குக் கால் நொடி வாக்கில் வேண்டும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/16 வைத்தால் கிடைப்பதோ 1/100 நொடி.

லென்ஸின் துவாரத்தை இன்னும் சுருக்கி எஃப்/22-க்குப் போவது செலவில்லாத வழி. 1/50 வரும், வெளிச்சத்தைச் சற்றுக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரும் மாட்டினால் 1/15 பக்கம். விடியலிலும் அந்தியிலும் தாராளமாகப் போதும். ஆனாலும் நான் லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டரில் 6 ஸ்டாப் வாங்கினேன் (ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும்). காரணம் தூசி.

எஃப்/22-இல் எடுத்த ஒரு படத்தைக் கணினியில் திறந்தேன். பனை, மணல், மேகம் எல்லாம் கரைந்திருக்க, வானத்தில் சிறு கரும்புள்ளிகள் மட்டும் அப்படியே நின்றன. சென்சார் மேல் ஒட்டிய தூசி கேமராவோடு சேர்ந்தே நகர்கிறது, அதனால் அது கலையாது. சாதாரணப் படத்தில் இலைக்கும் கல்லுக்கும் நடுவே ஒளிந்துகொள்ளும். இங்கே ஒளிய இடமில்லை. துவாரம் சுருங்கச் சுருங்க அதன் நிழலும் கூர்மையாகும். ஆடிக் காற்றில் தேரி மணல் எழும்பும் இடத்தில் சென்சாரை எத்தனை முறைதான் துடைப்பது? 6 ஸ்டாப் வெளிச்சத்தை 64-இல் ஒரு பங்காக்குவதால், அதே வெயிலில் எஃப்/8-இலேயே 1/6 நொடியும் எஃப்/11-இல் 1/3 நொடியும் கிடைக்கின்றன. எஃப்/8-இல் அந்தப் புள்ளிகள் என் படங்களில் தெரிவதே இல்லை.

வேரியபிள் என்டியை நண்பரிடம் வாங்கி இரண்டு காலை மட்டுமே பயன்படுத்தினேன். வெளிச்சம் மாற மாறத் திருகிக்கொள்ளலாம், அந்த வசதி பெரிது. ஆனால் அது இரண்டு போலரைசர்களின் சேர்க்கை. 24 மிமீ லென்ஸில் கடைசி வரை திருகியதும் வானத்தில் பெருக்கல் குறி போல இருட்டு விழுந்தது. அதுவும் கேமராவோடு நகர்வதுதான், எவ்வளவு இழுத்தாலும் கலையவில்லை. நீள லென்ஸில் இந்தத் தொல்லை குறைவு.

10 ஸ்டாப் இதற்கு அதிகம். உச்சி வெயிலில் எஃப்/8-இலும் இரண்டரை நொடி ஆகிவிடும், அவ்வளவு நேரம் கை நேராக இழுக்காது. 6 ஸ்டாப்பையும் பொழுது சாயும்போது கழற்றியாக வேண்டும். வாங்கும்போது உங்களிடம் உள்ள பெரிய லென்ஸின் அளவுக்கே வாங்குங்கள், சிறியவற்றில் அதே ஃபில்டரை மாட்ட ஸ்டெப்-அப் ரிங் என்ற இணைப்பு வளையம் போதும்.