ஒரே சட்டம், இரண்டு வைஸ்ராய்கள்: மெண்டோசாவும் நூன்யெஸ் வேலாவும்

1542 நவம்பரில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் பார்சலோனாவில் கையொப்பமிட்ட ‘புதிய சட்டங்கள்’, அமெரிக்கப் பூர்வகுடிகளை அடிமையாக்குவதைத் தடை செய்தன. அவர்களிடம் திறையும் உழைப்பும் பெறும் என்கோமியெண்டா உரிமை, அதை உடையவர் இறந்ததும் வாரிசுக்குச் செல்லாமல் அரசுக்கே திரும்ப வேண்டும் என்றும் விதித்தன. 1544இல் இச்சட்டங்களை மெக்சிகோவில் அந்தோனியோ தே மெண்டோசாவும், பெருவில் பிளாஸ்கோ நூன்யெஸ் வேலாவும் கையாண்ட விதத்தை அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

மெண்டோசா, கிரனாடாவின் அல்ஹம்ப்ரா கோட்டைக்குப் பொறுப்பாக இருந்த தெந்தில்யா பிரபுவின் மகன். புதிதாக வெல்லப்பட்ட மண்ணை ஆளும் கலை அவருக்குக் குடும்பச் சொத்து. சட்டங்களை அறிவிக்க ஸ்பெயினிலிருந்து தெல்யோ தே சாந்தோவால் வந்து சேர்ந்தபோது, வைஸ்ராய் பதவியில் மெண்டோசாவுக்கு எட்டு ஆண்டுக்கும் மேலான அனுபவம் இருந்தது. என்கோமியெண்டா உரிமையாளர்கள் கொதித்தெழவே, கடுமையான பிரிவுகள் நிறுத்திவைக்கப்பட்டன. ‘பணிகிறேன், ஆனால் நிறைவேற்றவில்லை’ என்பது காஸ்டிலியர்கள் பழகிய சட்ட வாசகம். மன்னரை மறுக்காமலே மறுக்க அது இடம் கொடுத்தது.

ஆவிலாவைச் சேர்ந்த பிரபுவான நூன்யெஸ் வேலாவுக்கு அந்த வளைவு கைவரவில்லை. 1544 மே மாதம் லிமாவை அடைந்த அவர், மனுக்களைப் புறந்தள்ளிச் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் நடைமுறைப்படுத்த முனைந்தார். செப்டம்பரில் அரசு அதிகாரி இல்யான் சுவாரெஸ் வைஸ்ராயின் மாளிகையிலேயே கொல்லப்பட்டதும், உயர் நீதிமன்ற நீதிபதிகள் வைஸ்ராயைக் கைது செய்து கப்பலேற்றினர். பெருவின் வடகரையிலுள்ள தும்பெஸில் தப்பிக் கரையிறங்கிப் படை திரட்டியவர், 1546 ஜனவரி 18 அன்று கீட்டோவுக்கு அருகே இன்யாகீட்டோ போரில் கலகத் தலைவர் கொன்சாலோ பிசாரோவிடம் தோற்றுத் தலையிழந்தார்.

இதை வைத்து மெண்டோசாவே திறமைசாலி என்று முடிவு கட்டுவது அவசரம். பெருவை வென்ற பிரான்சிஸ்கோ பிசாரோ (கொன்சாலோவின் அண்ணன்), தியேகோ தே அல்மாக்ரோ ஆகியோரின் பூசலில் பங்கெடுத்தோரின் உரிமையைப் பறிக்கும் தனிப் பிரிவு பெருவுக்கு இருந்தது. அங்கே அதில் சிக்காத பெரிய புள்ளிகள் குறைவு. மெக்சிகோவில் அத்தகைய உள்நாட்டுப் போர் நடந்ததில்லை. மேலும், மெண்டோசா காட்டிய நிதானம் ஸ்பானியர்களுக்கு மட்டுமே உரியது: 1541-42இல் மேற்கு மெக்சிகோவின் பூர்வகுடிகள் எழுப்பிய மிக்ஸ்தோன் கிளர்ச்சியை அவரே படை நடத்தி ஒடுக்கியபோது, பிடிபட்ட பூர்வகுடிகள் அடிமைகளாக்கப்பட்டனர்.

நூன்யெஸ் வேலா உயிரைக் கொடுத்துக் காத்த வாரிசுத் தடைப் பிரிவையோ, அவர் மடிவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே, 1545 அக்டோபரில், மன்னரே திரும்பப் பெற்றிருந்தார்.