ட்ராக் இறுக்கக் குடுத்து 612 டொலர் போச்சுது. சட்பரி ஆக்கள் கவனம்

கனடாவில சட்பரிப் பக்கம் பழைய ஸ்னோமொபைல் (பனியில ஓடுற வண்டி) வைச்சிருக்கிற ஆக்கள் இதை வாசிச்சிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கோ. கடைப் பேரை நான் போடேல்லை. எனக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கக் கூடாது எண்டுதான் எழுதுறன்.

என்ரை மெஷின் 1996ஆம் ஆண்டு ஸ்கி-டூ. கீழ சுத்துற றப்பர் பட்டிதான் ட்ராக், அதுக்குள்ள உருளுறதுதான் சில்லுகள். த்ரொட்டிலை அமத்தினா கீழ "டக் டக் டக்" எண்டு அடிக்கத் தொடங்கிச்சுது. பிரேக் பிடிச்சாலும் அதே சத்தம். கடைக்காரர் குனிஞ்சுகூடப் பாக்கேல்லை. "ட்ராக் தளந்து போச்சு, சில்லுகளும் முடிஞ்சுது" எண்டார். நாலு சில்லு, மூண்டு மணித்தியாலக் கூலி எண்டு பில் வந்துது. குடுத்திட்டு வந்தன். சத்தமும் நிண்டுது.

மூண்டாம் நாள் மகனைப் பின்னால ஏத்திக்கொண்டு ஏரிக்குப் போனன். -24 பாகை. காத்து பனியை அள்ளிக்கொண்டு போய், வெறும் ஐஸ்தான் மிச்சம். கொஞ்சத் தூரத்தில பிளாஸ்ரிக் எரியிற மணம். நிப்பாட்டிப் பாத்திட்டு திரும்ப எடுத்தா ட்ராக் அசையேல்லை. உருகின பிளாஸ்ரிக் ட்ராக்கோட ஒட்டி இறுகிப்போச்சு. ஃபோனுக்குச் சிக்னல் இல்லை. றோட்டுக்கு மூண்டு கிலோமீற்றர் நடந்தம். பிள்ளையின்ரை கன்னம் வெள்ளையாப் போனதைப் பாத்த பயம் இன்னும் போகேல்லை.

மெஷினை வீட்டை கொண்டுவந்த பிறகு பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். ஃபின்லாந்து வழி வந்தவர், சின்ன வயசில இருந்தே இதில ஓடினவர். மீன் நிறுக்கிற தராசை எடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி வைச்சு, ட்ராக்கின்ரை நடுவில கொளுவி 7 கிலோ காட்டுமட்டும் கீழ இழுத்தார். ட்ராக்குக்கும் அதுக்கு மேல இருக்கிற ரெயிலுக்கும் நடுவில ரூலரை வைச்சா இடைவெளி 12 மில்லிமீற்றர். என்ரை கையேட்டில 35 முதல் 40 மட்டும் இருக்கோணும் எண்டு கிடக்கு. (மொடலுக்கு மொடல் மாறும், உங்கடையைப் பாருங்கோ.)

பிறகு டோர்ச் அடிச்சுக் காட்டினார். ட்ராக்கை இறுக்கிற வலப்பக்க அட்ஜஸ்டர் போல்ட்டின்ரை புரி பளபளக்குது. இடப்பக்க நட்டில பழைய கறள் அப்பிடியே, ஸ்பானர் தொட்ட அடையாளமே இல்லை. ஒரு பக்கத்தை மட்டும் முறுக்கி விட்டிருக்கினம். அதால ட்ராக் தளர்ந்த இடப்பக்கம் ஓடி, ரெயிலுக்குக் கீழ இருக்கிற ஹைஃபாக்ஸ் எண்ட பிளாஸ்ரிக் பட்டியை உரசித் தேச்சிருக்கு. அந்தப் பட்டிக்குப் பனிதான் எண்ணெய் மாதிரி. வெறும் ஐஸில ஓடினதும் என்ரை பிழைதான். ஆனா அளவா இறுக்கியிருந்தா இந்த நிலைக்கு வந்திராது எண்டார் பெரியவர்.

மாத்தினதாச் சொன்ன சில்லுகள்? நாலிலையும் றப்பர் வெடிச்சுக் கிடக்கு. ஒண்டைக் கையால சுத்தினா பெயரிங்குக்குள்ள மண் அரைபடுற மாதிரிச் சத்தம்.

முதல் வந்த "டக் டக்" வெறும் தளர்வு. ட்ராக்கின்ரை உள்பல்லு, ட்ராக்கைச் சுத்துற முன் பல்சக்கரத்தைத் தாண்டித் தாண்டிக் குதிக்கிற சத்தம். பின் அச்சுப் போல்ட்டை இளக்கி, ரெண்டு பக்க அட்ஜஸ்டரையும் கால் சுத்துக் கால் சுத்தா ஒரே அளவு இறுக்கோணும். பிறகு பின்பக்கத்தைத் தூக்கி வைச்சு மெதுவா ஓடவிட்டு, ட்ராக் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கோணும். ஓடேக்கை பின்னால ஒருத்தரையும் நிக்க விடாதேங்கோ, கல்லு ஐஸ் பறக்கும். கடைசியா அச்சுப் போல்ட்டைத் திரும்ப இறுக்க மறக்காதேங்கோ. பெரியவருக்கு இருவது நிமிசம்கூடப் போகேல்லை.

பில்லையும் படங்களையும் கொண்டு கடைக்குப் போனன். "பழைய மெஷின், இப்பிடித்தான்" எண்டார். கழட்டின சில்லுகளைக் காட்டுங்கோ எண்டு கேட்டன். குப்பையில போட்டாச்சாம்.

நீங்கள் குடுக்கிறதெண்டா, பழைய சில்லுகளை என்னட்டைத் திருப்பித் தரோணும் எண்டு முதலே எழுதி வாங்குங்கோ. ரெண்டு பக்க நட்டையும் ஃபோனில படம் எடுத்திட்டுக் குடுங்கோ. புது ஹைஃபாக்ஸ் வந்திட்டுது, சனிக்கிழமை பெரியவரோட சேர்ந்து போடுறன்.