பழைய ஃபியட் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: கார்புரேட்டர் வேலைக்கு 18,500 ரூபாய் ஏமாந்தேன்

கோயம்புத்தூர், பொள்ளாச்சி, திருப்பூர் பக்கம் பழைய ஃபியட், அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். நேற்றுத்தான் முழு விஷயமும் தெரிய வந்தது, இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்புவதுதான் கார்புரேட்டர். ஐடிலிங் நிற்காத, அதாவது காலை எடுத்தால் இன்ஜினை அணையவிடும் கார்புரேட்டரை எப்படிச் சரிபார்ப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்தது.

வண்டி எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வாங்கியது. 1970ஆம் வருட ஃபியட் 1100. ஸ்டீயரிங்கிலேயே கியர், 1089 சிசி இன்ஜின், சோலெக்ஸ் கார்புரேட்டர். பொங்கலுக்கு அப்புறம் ஒரே தொல்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் குலுங்கி அணைந்துவிடும். சூடேறினால் இன்னும் மோசம். பாயின்ட், பிளக், டைமிங் எல்லாம் பார்த்தாகிவிட்டது. மிச்சம் கார்புரேட்டர்தான் என்று தெரிந்தது.

கோயம்புத்தூரில் பழைய கார்களுக்கென்றே இருக்கும் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். பளபளவென்று நாலு பழைய வண்டிகள் வாசலில் நின்றன. பட்டறை ஓனர் வந்ததும் பானெட்டைத் திறக்கவில்லை. முதலில் தோளில் கிடந்த துண்டை எடுத்து பானெட் மேலிருந்த தூசியைத் துடைத்தார். "என்ற அப்பாரும் இதே வண்டிதானுங்ணா வெச்சிருந்தாரு" என்றார். அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு, ஸ்க்ரூடிரைவர் நுனியை மேனிஃபோல்டில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டார். "ஏர் இழுக்குதுங்ணா. பட்டர்ஃபிளை ஷாஃப்ட் தேஞ்சுபோச்சு. புஷ் அடிச்சு, ஜெட்டு, கேஸ்கெட்டு, டயாஃப்ரம் எல்லாம் புதுசு போட்டுத் தர்றேன். கவலையே படாதீங்ணா." பட்டர்ஃபிளை என்பது காற்று வழியைத் திறந்து மூடும் தகடு, அது சுழலும் தண்டுதான் ஷாஃப்ட். ஷாஃப்ட் ஆடாமல் இருக்க அதன் ஓட்டையில் அடிக்கும் சிறு குழாய் புஷ். இடுக்கில் காற்று போகாமல் அடைப்பது கேஸ்கெட்.

அந்தத் துண்டில்தான் நான் விழுந்தேன். அப்புச்சியும் அப்படித்தான் துடைப்பார். 18,500 ரூபாய் கேட்டார். முழுப் பணத்தையும் அங்கேயே நின்று ஜிபேயில் போட்டேன். கடை கணக்குக்கு இல்லை, அவருடைய சொந்த நம்பருக்கு. பில் கேட்கவே தோன்றவில்லை.

எட்டு நாள் கழித்து வண்டி வந்தது. கார்புரேட்டர் வெள்ளியாய் மின்னியது. நின்ற இடத்தில் இன்ஜின் அணையவில்லை, ஆனால் உறுமியது. கிணத்துக்கடவு தாண்டும் வரை நியூட்ரலில் அதே உறுமல். வீட்டில் சாவியைத் திருப்பி எடுத்த பிறகும் இன்ஜின் டொக் டொக்கென்று நாலைந்து தடவை அடித்துவிட்டுத்தான் நின்றது. போன் செய்தால், "செட் ஆக நாளாகுமுங்ணா." சத்தம் தாங்காமல், காலை எடுத்தபின் இன்ஜின் ஓடும் வேகத்தை வைக்கும் ஐடில் ஸ்க்ரூவை நானே அரைச் சுற்றுத் தளர்த்தினேன். உடனே அணைந்துவிட்டது. பழைய வியாதி அப்படியே இருக்கிறது.

நேற்று பொள்ளாச்சியில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் காட்டினேன். வண்டி ஓடும்போதே ஷாஃப்ட் ஓரத்தில் கார்ப் கிளீனரைச் சும்மா ஒரு அடி அடித்தார். இன்ஜின் சத்தம் உடனே மாறியது. "இங்கதான் கண்ணு காத்துப் போகுது." கழற்றினால், ஷாஃப்ட்டை விரலால் பிடித்து ஆட்ட முடிகிறது. புஷ்ஷே போடவில்லை. அடியில் இருந்தது பழைய கேஸ்கெட், கருகி விறைத்து, நகம் பட்டதும் பொடிந்தது. ஐடிலில் பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் ஸ்க்ரூவின் நுனியில் வளையம் விழுந்திருக்கிறது, யாரோ முறுக்கிக் கெடுத்திருக்கிறார்கள். வெள்ளி பளபளப்பு ஸ்ப்ரே பெயின்ட். அளவில்லாமல் உள்ளே போகும் காற்றில் பெட்ரோல் விகிதம் குறைந்து இன்ஜின் அணைகிறது. அதை அடைக்காமல், ஐடில் ஸ்க்ரூவை ஏற்றி, பட்டர்ஃபிளையைத் திறந்து வைத்துத் தந்திருக்கிறார்கள். ஒரு ஸ்க்ரூவைத் திருகியதற்கு 18,500 ரூபாய்! கோளாறு தெரியாமல் செய்திருந்தால்கூட மனது ஆறும். காதை வைத்துச் சரியாகக் கண்டுபிடித்துச் சொன்னவரே இதைச் செய்தார்.

பட்டறை ஓனருக்கு மறுபடி போன் செய்தேன். "இப்ப பெட்ரோல்ல எத்தனால் கலக்கறாங்கல்லங்க, பழைய வண்டி அப்படித்தான் இருக்கும்." எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும் என்பது உண்மை. ஆனால் போடாத புஷ்ஷை எத்தனால் தின்றுவிட்டதா? அடுத்த போனை ஒரு பையன் எடுத்தான், ஓனர் பழனிக்குப் போயிருக்கிறார் என்றான். வாட்ஸ்அப்பில் கேஸ்கெட் போட்டோ அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. சாயங்காலம் அவரே கூப்பிட்டார்: "பில் இருக்குதுங்களா? இல்லாம நாங்க எப்படிங்க பேசறது?" அண்ணா என்ற வார்த்தை போயே போய்விட்டது. 18,500 ரூபாய் என் இரண்டு மாத தோட்டக் கூலிச் செலவு.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது மனது ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். கார்புரேட்டரைக் கொடுக்கும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். பழைய ஜெட், கேஸ்கெட்டைத் திருப்பி வாங்குங்கள். வாங்கும்போது ஷாஃப்ட்டை ஆட்டிப் பாருங்கள். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஐடிலைக் குறைத்து வைத்து ஓடவிட்டுப் பாருங்கள், ஏற்றி வைத்துக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மிக்ஸர் ஸ்க்ரூவை யாரும் இறுக்கி முறுக்க விடாதீர்கள். பில் வாங்காமல் பணம் போடாதீர்கள், அதுவும் முழுதாக.

புஷ் அடிக்க நாளைக்கு கணபதியில் ஒரு லேத்துக்குக் கொண்டுபோகிறேன். 600 ரூபாய் சொல்லியிருக்கிறார்கள். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். ஜிபே ரசீது கையில் இருக்கிறது, கேஸ்கெட் துண்டுகளைக் கவரில் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை அந்தப் பட்டறைக்கு நேரிலேயே போகிறேன்.