முதுகுக்கு லேசர் வைத்து நான்கு வருடம்: இப்போது எப்படி இருக்கிறது?

பாம்பனில் நாட்டுப்படகுத் தொழில். வலை இழுப்பது, ஐஸ் பெட்டி தூக்குவது என்று 20 வருடம் உழைத்த முதுகு. 2021 கடைசியில் நங்கூரக் கயிற்றை இழுக்கும்போது இடுப்பில் சுரீரென்றது. மூன்றாம் நாள் வலி இடது கால் வழியாகப் பெருவிரல் வரை இறங்கிவிட்டது. தும்மினால் உயிர் போகும்.

எம்ஆர்ஐ எடுத்ததில் இடுப்புப் பகுதி முதுகெலும்பில் எல்4, எல்5 என்கிற எலும்புகளுக்கு நடுவே ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவது தெரிந்தது. பெரும்பாலானவர்களுக்கு இது 6 முதல் 12 வாரத்தில் தானாகவே தணியும் என்றார் டாக்டர். மூன்று மாதம் மாத்திரை, பிசியோதெரபி என்று பொறுத்தேன். எனக்குக் குறையவில்லை.

அப்புறம்தான் மதுரையில் லேசர். மயக்கம் கிடையாது, மரத்துப்போக ஊசி மட்டும். எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி முதுகின் பக்கவாட்டில் ஓர் ஊசியை ஜவ்வுக்குள் செலுத்தி, அதன் வழியே மெல்லிய இழையை விட்டு லேசரைப் பாய்ச்சினார்கள். ஜவ்வின் நடுவில் இருக்கும் கூழில் கொஞ்சம் ஆவியாகும். உள்ளழுத்தம் குறைந்ததும் பிதுங்கிய பகுதி நரம்பை விட்டுச் சற்று உள்வாங்கும். 1986இல் ஆஸ்திரியாவில் தொடங்கிய முறை இது. தையல் இல்லை, அன்று மாலையே நடந்தேன்.

"அடுத்த வாரமே கடலுக்குப் போகலாம்" என்று அங்கே சொன்னதை நம்பினேன். பத்தாம் நாள் பெட்டியைத் தூக்கி மறுபடி படுத்துவிட்டேன். விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலமாவது ஓய்வு தரும், நாட்டுப்படகுக்கு அதுவும் இல்லை. கால்வலி முழுதாகப் போக இரண்டு மாதம் ஆனது. இன்றுவரை திரும்பவில்லை. இடுப்பு வலி மட்டும் முழுசாக விடவில்லை. நாள் முழுக்க இன்ஜின் அதிர்வில் உட்கார்ந்தால் இரவில் தெரியும். ஐஸ் பெட்டியை இப்போது இரண்டு பேராகத்தான் தூக்குகிறோம்.

என் பேச்சைக் கேட்டுத் தொண்டி மச்சானும் லேசர்தான் வேண்டும் என்று போனார். அவருக்கு ஜவ்வின் உறை கிழிந்து, துண்டு வெளியே வந்து கிடந்தது. உறை கிழியாமல் பிதுங்கியிருந்தால்தான் லேசர் எடுபடும். மைக்ரோஸ்கோப் வைத்துச் சின்னதாகத் திறந்து துண்டை எடுத்தார்கள், நன்றாக நடக்கிறார். இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட நெதர்லாந்து ஆய்வொன்றில், மறுபடி அறுவைக்குப் போனவர்கள் லேசர் பக்கம்தான் அதிகம். இதை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. நீங்கள் டாக்டரிடம் இதைக் கேட்டே தீர வேண்டும்.

சிறுநீர் அடைபட்டாலோ அறியாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, பாதம் தூக்க வராமல் தொங்கினாலோ, லேசரா வேறா என்று யோசிக்க நேரமில்லை. இங்கிருந்து மதுரை மூன்று மணி நேரத்துக்கு மேல். விடியட்டும் என்று இருக்காமல் ராத்திரியே கிளம்புங்கள்.