மூன்றாவது ரேடியேட்டரும் ஒரு கிர்ர் சத்தமும்

நேற்று இரவு நண்பன் கேட்டான். "உன் காரும் என் காரும் ஒரே மாடல்தானே. நீ ரேடியேட்டர் மாத்துனியே, எதைப் போட்ட? அதையே நானும் வாங்கிக்கிறேன்." போன மாதம்தான் அவன் அந்தக் காரைப் பழைய காராக வாங்கினான். நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை.

ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் "அதையே" என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. மூன்று ரேடியேட்டர் வாங்கியவன் நான். மூன்றின் பெட்டியிலும் என் காரின் பெயர் அச்சடித்திருந்தது.

இப்போது காரில் இருப்பது மூன்றாவது. போட்டு 2 வருடம் 7 மாதம், 31,000 கிலோமீட்டர் ஆகிறது. எஞ்சின் எத்தனை லிட்டர், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் எவ்வளவு பிடிக்கும் என்பதெல்லாம் இந்தக் கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அதற்குள் போகவில்லை.

பழைய ரேடியேட்டர் ஆர்ப்பாட்டம் இல்லாமல்தான் போனது. மேல் ஹோஸ் மாட்டும் கழுத்தின் அடியில் பச்சையாக, சுண்ணாம்பு காய்ந்ததுபோல ஒரு பொருக்கு. ரிசர்வ் டப்பாவில் கூலன்ட் இரண்டு வாரத்துக்கு ஒரு விரற்கடை இறங்கும். மெக்கானிக் அண்ணன் ஹோஸை லேசாகத் திருகியபோது கழுத்தின் விளிம்பு பிஸ்கட்போல அவர் கையோடு வந்துவிட்டது. நடுவில் இருக்கும் கோர் அலுமினியம். இரு பக்கத் தொட்டிகள் கண்ணாடி இழை கலந்த நைலான். வருடக்கணக்கில் சூடாகி ஆறி, சூடாகி ஆறி அந்த நைலான் மொறுமொறுத்துப் போகும். பித்தளை ரேடியேட்டர் என்றால் ஈயப் பற்று வைத்து ஓட்டலாம். இதில் அது நடக்காது. பசை போட்டால் வீடு வந்து சேரலாம், அவ்வளவுதான்.

அசல் பாகம் வர நாளாகும் என்றார்கள். சரி, வெளித் தயாரிப்பு வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தேன். அங்கே ஆரம்பித்தது.

முதலாவதை மாடல் பெயரும் வருடமும் போட்டுத் தேடி வாங்கினேன். பெட்டியைத் திறந்தால் ஒரு தொட்டியில் சிவப்பு மூடி போட்ட இரண்டு சின்னக் கழுத்துகள் கூடுதலாக இருந்தன. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் கியர் ஆயில் குளிர்வதற்கு உள்ளே ஒரு கூலர் வைத்திருப்பார்கள். அந்தக் குழாய்களுக்கான வாய் அது. என்னுடையது மேனுவல். "அதை மூடியே வச்சிடலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்றார் அண்ணன். உண்மைதான், ஆயில் ஓடாத கூலர் சும்மா கிடக்கும். பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. என் பழைய ரேடியேட்டரின் கோர் 16 மில்லிமீட்டர் தடிமன். இது 26. பத்து மில்லிமீட்டர் கூடுதல் என்றால் கூடுதலாகக் குளிரும், நல்லதுதானே என்று நானும் முதலில் நினைத்தேன். ஃபேன் கவரை மாட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஃபேன் அதே பத்து மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளிப்போய், மோட்டாரின் முதுகு சைலன்சர் மானிஃபோல்டின் தகடுக்கு ஒரு காகிதம் நுழையும் தூரத்தில் நின்றது. எஞ்சின் ஆடும் பொருள். ஸ்டார்ட் செய்யும்போதும் நிறுத்தும்போதும் எவ்வளவு குலுங்கும் என்று பானெட்டைத் திறந்து வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். திருப்பி அனுப்பினேன்.

இரண்டாவதற்கு ஒழுங்காக அளவு பார்த்தேன். பார்த்ததாக நினைத்துக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். விவரப் பக்கத்தில் நீளம், அகலம், தடிமன் மூன்றும் போட்டிருந்தார்கள். நான் டேப் வைத்து அளந்ததோ தொட்டிகளையும் சேர்த்து. அவர்கள் போடுவது கோர் அளவு மட்டும், அதாவது துடுப்புகள் இருக்கும் அலுமினியப் பகுதி. இது புரியவே அரை நாள் போனது. படமும் உதவவில்லை. ரேடியேட்டரை முன்னாலிருந்து எடுத்தார்களா, எஞ்சின் பக்கமிருந்து எடுத்தார்களா என்று எங்கும் எழுதவில்லை. கீழ்க் கழுத்து இடப்பக்கமா வலப்பக்கமா என்பது அதைப் பொறுத்துத் தலைகீழாகிவிடும். கடைசியில் கழுத்தின் அளவு சரி, பக்கம் சரி, தடிமன் சரி என்று உறுதி செய்துகொண்டு வாங்கினேன்.

வந்தது. கீழே இரண்டு முளை இருக்குமே, ரப்பர் புஷ்ஷில் உட்காருமே, அந்த முளைகளுக்கு இடையிலான தூரம் 8 மில்லிமீட்டர் குறைவு.

எட்டு மில்லிமீட்டர் என்பது கேட்பதற்கு ஒன்றுமில்லாத அளவு. அண்ணனும் அப்படித்தான் சொன்னார். "தட்டி உட்கார வச்சிடுவேன் சார், ரப்பர்தானே, வளைஞ்சு கொடுக்கும்." எனக்கு மனம் ஒப்பவில்லை. வண்டியின் அதிர்வு ரேடியேட்டருக்குப் போகக் கூடாது என்றுதான் ரப்பரில் உட்கார வைத்திருக்கிறார்கள். முளை ரப்பரை ஒரு பக்கமாக நெரித்துக்கொண்டு நின்றால், அடுத்து ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த நைலான் தொட்டி முறுக்கப்படும். பழசு உடைந்ததும் அதே நைலான்தான். வேண்டாம் அண்ணே என்றேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம். என் கார் அவர் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது அப்போதே பத்து நாள்.

அந்தச் சமயத்தில் ஒரே ஒரு காரியம் உருப்படியாகச் செய்திருந்தேன். இரண்டையும் சொட்டுக் கூலன்ட் ஊற்றாமல், ஹோஸ் கிளாம்பு இறுக்காமல், வெறுமனே வைத்துத்தான் பார்த்தோம். கழுத்தில் கிளாம்பு அச்சு விழுந்திருந்தாலோ உள்ளே ஈரம் இருந்தாலோ திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அப்படியும் இரண்டாவதைத் திருப்ப நான்கு முறை பேச வேண்டியிருந்தது. "உங்க மாடலுக்குப் பொருந்தும்னு போட்டிருக்கே சார்" என்பதே ஒவ்வொரு முறையும் பதில். பெட்டி பொருந்துகிறது, ரேடியேட்டர்தான் பொருந்தவில்லை என்று ஒருமுறை சொல்லியும் விட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் அமைதி.

மூன்றாவதற்கு முன்னால் ஒரு பெரிய அட்டையை விரித்துப் பழைய ரேடியேட்டரை அதன்மேல் படுக்க வைத்துப் பேனாவால் சுற்றி வரைந்தேன். முளைகள், கழுத்துகள், ஏசி கண்டென்சர் மாட்டும் காதுகள் எல்லாவற்றுக்கும் நடுவிலிருந்து நடுவுக்கு அளவு எழுதினேன். தொட்டியில் ஒட்டியிருந்த பார்ட் நம்பர் ஸ்டிக்கர் பாதி அழிந்திருந்தது. சேஸிஸ் நம்பரைக் கொடுத்துக் கேட்டபோது முழு எண் கிடைத்தது. அதன் கடைசி எழுத்து நடுவில் மாறியிருக்கிறது. ஒரே மாடல், ஒரே வருடம், நடுவில் ஒரு மாதத்தில் தயாரிப்பாளர் சத்தமில்லாமல் கீழ்ச்சட்டத்தை மாற்றியிருக்கிறார். என் கார் மாற்றத்துக்குப் பிறகு வந்தது. இரண்டாவது ரேடியேட்டர் மாற்றத்துக்கு முந்திய வண்டிக்கானது. அந்த 8 மில்லிமீட்டர் அப்படித்தான் வந்தது. பெட்டியில் வருடத்தை மட்டும் போட்டால் இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்றாவது, முளையில் பொத்தென்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்க 19 நாள் காத்திருந்தேன்.

ஆனால் ஃபேன் கவர் மாட்டும் மேல் இடது காது 3 மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. அட்டையில் நான் அளக்காத ஒரே இடம். ஏன் அளக்கவில்லை என்றால், பழைய ரேடியேட்டரில் அந்தக் காது எப்போதோ உடைந்துபோயிருந்தது! அண்ணன் என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் அரத்தை எடுத்து ஃபேன் கவரின் ஓட்டையை நீளவாக்கில் ராவினார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. அத்தனை நாளில் களைத்துப் போயிருந்தேன்.

மாட்டும்போது இரண்டு இடத்தில் கவனமாக இருக்க வேண்டியிருந்தது. பழைய ரேடியேட்டரின் ஓரங்களில் கருப்பு ஸ்பாஞ்சுப் பட்டை ஒட்டியிருந்தது; பழசோடு அதுவும் குப்பைக்குப் போகப் பார்த்தது. வண்டி நிற்கும்போது ஃபேன் இழுக்கும் காற்று கோர் வழியாக வராமல் பக்கவாட்டு இடுக்கு வழியாகச் சுற்றி வந்துவிடாமல் தடுப்பது அந்தப் பட்டைதான். உரித்தெடுத்துப் புதியதில் ஒட்டினோம். இன்னொன்று மூடி. மூடி எவ்வளவு அழுத்தம் வரை தாங்கிப் பிடிக்கும் என்று அதன்மேலேயே எழுதியிருக்கும். பெட்டியோடு வந்த மூடியில் 0.9 என்று இருந்தது, என் காருக்கு 1.1 பார். கொதிநிலையில் அது ஏறக்குறைய 3 டிகிரி வித்தியாசம்தான், இருந்தாலும் வண்டிக்கு எழுதியிருப்பதுதானே போட வேண்டும்? 1.1 மூடி ஒன்று தனியாக வாங்கினேன். உள்ளே சிக்கிய ஏர் எடுப்பது வழக்கம்போல: மூக்கைக் கொஞ்சம் உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை.

குளிர்விப்பதில் இதற்கு முழு மதிப்பெண். டாஷ்போர்டு முள் நடுவில் நிற்கிறது என்பதை நான் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. இப்போதைய கார்கள் பலவற்றில் வெப்பநிலை நன்றாக ஏறி இறங்கினாலும் முள்ளை நடுவிலேயே பிடித்து வைத்திருப்பார்கள். காரின் கணினியிலிருந்து அளவுகளைப் படித்துக் காட்டும் ஓபிடி ரீடர் செருகிப் பார்த்தேன். சமதள ஓட்டத்தில் 88 முதல் 90 டிகிரி. ஏசி போட்டு நெரிசலில் நின்றால் 96 வரை ஏறும், ஃபேன் ஓடும், 92-க்கு இறங்கும். முழுப் பயணிகளோடு மலைப்பாதையில் ஏறியபோதும் 97-ஐத் தாண்டவில்லை. ரிசர்வ் டப்பாவில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். கூலன்ட் அந்தக் கோட்டிலிருந்து இறங்கவே இல்லை.

அப்புறம் அந்த டிரெய்ன் காக். இதைப் பற்றித் தனியாகச் சொல்லாவிட்டால் பாவம். பழைய ரேடியேட்டரில் கூலன்ட் வடிக்கும் திருகு, கீழ்ச்சட்டத்துக்கும் பம்பருக்கும் நடுவில் விரல் மட்டும் போகும் இடுக்கில் பின்பக்கம் பார்த்து இருக்கும். திறந்தால் கூலன்ட் சட்டத்தில் விழுந்து, தெறித்து, கை வழியாக முழங்கைக்கு ஓடி, சட்டைக்குள் போகும். தரையில் கொட்டுவதைக் கழுவித் தீராது. நாய் பூனை நக்கினால் அதன் உயிருக்கே ஆபத்து. புதியதில் அந்தத் திருகு நேராகக் கீழே பார்க்கிறது. நுனியில் பென்சில் தடிமனுக்கு ஒரு குட்டி மூக்கு. அதில் ஒரு துண்டு டியூபைச் செருகி மறுமுனையைக் கேனுக்குள் விட்டு, அரைத் திருகு திருகினால் போதும். நூல் பிடித்தாற்போல் இறங்குகிறது. போன மாதம் கூலன்ட் மாற்றினேன். தரையில் ஒரு சொட்டு இல்லை. ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அது வடிவதைக் கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தேன். யார் வரைந்தார்களோ, அவர் ஒருமுறையாவது கூலன்ட்டில் குளித்தவராக இருக்க வேண்டும்.

அன்று நண்பன் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்றிருப்பேன்.

ஆனால் அவன் கேட்டது நேற்று. நேற்று மாலை முக்கால் மணி நேரம் நெரிசலில் நின்றேன். ஏசி ஓட, ஃபேன் ஓட, அந்த ராவிய ஓட்டையிலிருந்து கிர்ர்... கிர்ர்... வண்டி நகர்ந்தால் நின்றுவிடும். நின்றால் ஆரம்பித்துவிடும். பக்கத்து ஸ்கூட்டர்காரர் குனிந்து என் முன் சக்கரத்தைப் பார்த்தார். வாஷர் வைத்தாகிவிட்டது. ரப்பர் வாஷர் வைத்தாகிவிட்டது. சைக்கிள் டியூபை நறுக்கிச் செருகியதில் நான்கு நாள் நிம்மதி. பிறகு அது சூட்டில் இறுகி மறுபடி கிர்ர். 3 மில்லிமீட்டர். அச்சு வார்ப்பவர் ஒரு அசல் பாகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாம். முளை சரி, கழுத்து சரி, டிரெய்ன் காக் அசலைவிட மேல், இந்த ஒரு காதில் மட்டும் அப்படி என்ன அவசரம்?

ஆகவே எழுதிவிட்டேன்: "குளிர்விப்பதில் குறையே இல்லை. வாங்காதே."

"குறையே இல்லைங்கற, வாங்காதேங்கற. வாங்கலாமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லு" என்றான். முதலில் சேஸிஸ் நம்பரை அனுப்பு, தயாரித்த மாதத்தையும் பார்க்கணும் என்றேன். காரில் உட்கார்ந்தே ஆர்.சி. புத்தகத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினான். எண் தெளிவாகத்தான் இருந்தது. புத்தகத்துக்குப் பின்னால், ஓரத்தில், கியர் லீவரும் தெரிந்தது. பி, ஆர், என், டி.

நான் திருப்பி அனுப்பினேனே, சிவப்பு மூடி போட்டது, அதன் பார்ட் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.