திண்ணை வீடா, ஃப்ளாட்டா?

ஸ்ரீரங்கத்தில் பழைய வீட்டை பில்டரிடம் கொடுத்துவிட்டு இரண்டு ஃப்ளாட் வாங்கிக்கலாமா என்று கேட்பவர்கள் எல்லோரும் சதுர அடிக் கணக்கோடுதான் வருகிறார்கள். பக்கத்து வீட்டோடு எதையெல்லாம் பொதுவில் வைத்துக்கொள்ளப் போகிறோம் என்று யாரும் கேட்பதில்லை.

டெல்டாவின் பழைய தெருவீட்டில் சுவரே பொது. இரண்டு பக்கமும் ஒட்டி வீடு, வெளிச்சம் முற்றம் வழியாகத்தான். வாசலில் திண்ணை, அப்புறம் ரேழி, கூடம், கடைசியில் கொல்லை. திண்ணை பத்திரப்படி உங்களுடையதுதான், ஆனாலும் வெயிலுக்கு ஒதுங்கியவரை எழுந்து போகச் சொல்ல மாட்டீர்கள். யார் ஒதுங்கலாம் என்பதைச் சாதிதான் முடிவு செய்தது, அதைச் சொல்லாமல் திண்ணையைப் புகழ எனக்கு மனசு வராது. ஃப்ளாட் வந்தும் அது முழுசாகப் போய்விடவில்லை, 'சைவம் மட்டும்' என்று புரோக்கர் இன்னும் சொல்கிறார்.

ஃப்ளாட்டில் பொது என்பது லிஃப்ட், மோட்டார், மொட்டைமாடி. கீழ்வீட்டுக்காரர் லிஃப்டுக்குக் காசு தர மாட்டார், மேல்வீட்டுக்காரர் மாடியில் வடகம் காயப்போட்டால் அசோசியேஷன் குரூப்பில் போட்டோ வரும். ஆனால் முட்டிவலிக்காரருக்கு லிஃப்ட் பெரிய வரம், அதில் பேச்சே இல்லை.

இந்த அடுக்குமாடி யோசனையை நவீனக் கட்டடக்காரர்கள் பெரிதாகவே கனவு கண்டார்கள். 1952இல் பிரான்ஸின் மார்செய்யில் லெ கொர்பூசியே என்ற கட்டடக்கலைஞர் கட்டி முடித்த 337 வீட்டுக் கட்டடத்துக்குப் பாதி உயரத்தில் ஒரு கடைத்தெரு, மாடியில் மழலையர் பள்ளி, குழந்தைகளுக்குக் குளம். தூண்மேல் கட்டடத்தைத் தூக்கி நிறுத்திக் கீழே தரையைத் திறந்துவிட்டார். அதே தூண்களுக்கு நடுவே நாம் கார் நிறுத்துகிறோம். மாஸ்கோவின் நார்கோம்ஃபின் குடியிருப்பு (1930) இன்னும் ஒருபடி மேலே போய்ச் சமையலையே பொதுவாக்கப் பார்த்தது. அது ஓடவில்லை. ரசத்துக்கு எவ்வளவு புளி என்று ஒரே வீட்டுக்குள்ளேயே சண்டை வரும்போது எப்படி ஓடும்?

எனக்குப் பிடித்தது வியன்னாவின் கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்ற குடியிருப்புதான். அதுவும் 1930தான்; 1,382 வீடுகள், ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். அடுப்பு அவரவர் வீட்டில், துணி துவைக்கும் கூடமும் குளியல் கூடமும் மழலையர் பள்ளியும் பொது. கட்டியபோது வீட்டுக்குள் குளியலறை இல்லாததால் வெளியே வந்தே ஆகவேண்டியிருந்தது, வந்தால் முகம் பார்த்தே ஆகவேண்டியிருந்தது. கட்டியது மாநகராட்சி, வாடகையும் அதற்குத்தான், ஆகவே லிஃப்டுக்கு நான் ஏன் தரணும் மாதிரிப் பேச்சுக்கும் அங்கே பெரிதாக இடமில்லை.

பெற்றோர் படி ஏறி இறங்க முடிகிறவரை தெருவீட்டை விற்காதீர்கள், பின்கட்டில் ஒரு நல்ல கழிப்பறை கட்டினால் போதும். ஃப்ளாட்தான் என்றால் பத்துப் பதினைந்து வீட்டுக்குள் இருக்கிற சின்னக் கட்டடமாகப் பாருங்கள். வாசலில் நாலு பேர் உட்கார ஒரு சிமெண்ட் மேடை கட்டித்தரச் சொல்லி, அதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள், மொட்டைமாடிச் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் சேர்த்து.