நஞ்சுக்கொடி மாத்திரையா, இயல்பான தேறுதலா? நான் இரண்டாவதைத் தேர்ந்தது ஏன்

இரண்டாவது பிரசவத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, நஞ்சுக்கொடியை உலர்த்திப் பொடித்து மாத்திரையாக்கித் தரும் ஒருவரிடம் தொலைபேசியில் பேசினேன். முதல் பிரசவத்துக்குப் பின் வந்த சோர்வும் காரணமில்லாத அழுகையும் மறுபடி வந்துவிடக் கூடாதே என்ற பயம்தான் என்னை அதுவரை இழுத்துச் சென்றது. எத்தனை டிகிரி சூட்டில், எவ்வளவு நேரம் உலர்த்துவீர்கள் என்று கேட்டேன். "மிதமான சூட்டில்தாம்மா, சத்து போகாமல் பார்த்துக்கொள்வோம்" என்றார். இன்னொரு முறை கேட்டும் எண் வரவில்லை. மாத்திரை வேண்டாம் என்று முடிவெடுத்து, ஓய்வு, உணவு, மருத்துவர் எழுதிக்கொடுத்த இரும்புச்சத்து, தவறாத பரிசோதனை என்ற வழியிலேயே தேறினேன். ஆகவே இந்த ஒப்பீடு நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

செய்முறை எளிதுதான். ஏறக்குறைய அரைக் கிலோ எடையுள்ள நஞ்சுக்கொடியைக் கழுவி, சிலர் ஆவியில் வேகவைத்தும் சிலர் பச்சையாகவும் மெல்லிய துண்டுகளாக்கி, உலர்த்தும் கருவியில் காயவைத்து, பொடித்துக் கூடுகளில் அடைக்கிறார்கள். பால் பெருகும், மனம் தெளியும், இரத்த இழப்பு ஈடாகும் என்பவை இதற்குச் சொல்லப்படும் பலன்கள். அருவருப்பு, செலவு ஆகியவை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி. அவற்றில் வாதாட ஒன்றுமில்லை. பாலூட்டும் விலங்குகளில் பெரும்பாலானவை நஞ்சுக்கொடியைத் தின்கின்றன என்ற வாதமும் எனக்கு உதவவில்லை. அவை ஈன்ற உடனே தின்றுவிடுகின்றன. உலர்த்திவைத்து வாரக்கணக்கில் விழுங்குவதில்லை.

இரும்புச்சத்துக் கணக்கு சிறியது. லாஸ் வேகாஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 23 தாய்மாரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவுக்கு நஞ்சுக்கொடி மாத்திரை, மறு பிரிவுக்கு மாட்டிறைச்சிப் பொடி. யாருக்கு எது என்பது அவர்களுக்குத் தெரியாது. இரும்பின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. நாள் முழுவதும் விழுங்கும் மாத்திரைகளில் கிடைத்த இரும்பு, பாலூட்டும் தாய்க்கு அமெரிக்காவில் பரிந்துரைக்கப்படும் 9 மில்லிகிராமில் ஏறத்தாழ கால் பங்கு. வழக்கமான ஒரு இரும்புச்சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் அளவில் இருக்கும். அதே குழுவினர் மனநிலை, களைப்பு, குழந்தையோடான பிணைப்பு ஆகியவற்றை 27 பேரிடம் அளந்தபோதும் இரு பிரிவுகளுக்கும் இடையே உறுதியான வேறுபாடு கிடைக்கவில்லை. ஆட்கள் குறைவு என்பதால் இதை இறுதித் தீர்ப்பாக எடுக்க முடியாது. ஆனால் பலன் உண்டு என்பவர்கள் காட்டும் சான்று இதைவிடவும் மெலிந்தது.

என்னைத் தடுத்து நிறுத்தியது அந்தத் தொலைபேசிக் கேள்விதான். சூட்டைக் குறைத்தால் கிருமி தப்பும். சூட்டைக் கூட்டினால், எதற்காகப் பணம் கொடுக்கிறோமோ அது சிதையும். இந்த இக்கட்டிலிருந்து மாத்திரை தயாரிப்பவர் யாரும் விலக முடியாது. கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் புரத வகையைச் சேர்ந்த ஹார்மோன். அது சூட்டில் தப்பிப் பிழைத்தாலும் வயிற்றில் செரிந்துவிடும். பிரசவ அறையில் அதை விழுங்கக் கொடுக்காமல் ஊசியாகவே போடுவதன் காரணங்களில் இதுவும் ஒன்று. கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் புரோஜெஸ்டெரோன் ஹார்மோன் சூட்டை ஓரளவு தாங்கும். ஆனால் நஞ்சுக்கொடி வெளியேறியதும் அந்த ஹார்மோன் சரிவதுதான் பால் சுரப்பு பெருகுவதற்கான சமிக்ஞை. கருப்பையில் நஞ்சுக்கொடித் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தால் பால் தாமதமாவதும் அதனால்தான். உடல் வெளியே தள்ளிய ஒன்றைத் திரும்ப உள்ளே அனுப்பிவிட்டுப் பால் பெருகும் என்று எதிர்பார்ப்பதன் தர்க்கம் எனக்குப் பிடிபடவில்லை.

கிருமியைப் பற்றிய அச்சம் வெறும் கற்பனை அல்ல. 2016-இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஒரு குழந்தை, பிறந்தவுடன் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி இரத்தத்தில் பரவிச் சிகிச்சை பெற்றது. வீடு திரும்பிய சில நாட்களில் அதே கிருமியால் மறுபடி மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. தாய் பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து நஞ்சுக்கொடி மாத்திரையை நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு இரண்டாக விழுங்கிவந்தார். மாத்திரையைச் சோதித்தபோது அதே கிருமி அதில் இருந்தது. கர்ப்ப காலத்தில் அவருக்குச் செய்த கிருமிச் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாத்திரையைத் தயாரித்த நிறுவனம் உலர்த்தியதாகச் சொன்ன சூடு 46 முதல் 71 டிகிரி செல்சியஸ். சால்மொனெல்லா கிருமியைப் போதிய அளவு அழிக்கவே 54 டிகிரியில் 121 நிமிடம் தேவை. இந்த நிகழ்வை 2017-இல் வெளியிட்ட அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், இத்தகைய மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும் என்று எழுதியது. நஞ்சுக்கொடியை உண்பதற்காகப் பதப்படுத்துவதற்கு வரையறுத்த தரநிலை எதுவும் இல்லை என்பதையும் குறிப்பிட்டது. "மிதமான சூடு" என்று எனக்குப் பெருமையாகச் சொல்லப்பட்டது அங்கே குறையாக நிற்கிறது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் வீட்டிலோ பிரசவ மையத்திலோ பிள்ளை பெறத் திட்டமிட்டவர்களின் 23,242 பிரசவங்களை ஆராய்ந்து 2018-இல் வெளிவந்த கட்டுரையில், நஞ்சுக்கொடி உண்ட தாய்மாரின் குழந்தைகளுக்குக் கூடுதல் பாதிப்பு காணப்படவில்லை. ஆகவே ஒரிகன் நிகழ்வு அரிதானது. என் தோழி ஒருத்தி ஆறு வாரம் விழுங்கி, நன்றாக இருந்ததாகச் சொல்கிறாள். அவள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. நான் அதை விழுங்கியதே இல்லை என்பதால், அந்த உணர்வைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியும் இல்லை. அரிதான ஆபத்து ஒரு பக்கம், நிரூபிக்கப்படாத பலன் மறுபக்கம் என்றபோது என் தராசு எளிதாகவே சாய்ந்துவிட்டது.

இனி நான் தேர்ந்த வழி. இயல்பான தேறுதல் என்றால் மருத்துவத்தைத் தள்ளிவைப்பது என்று பொருளல்ல. உடல் தானாகச் செய்யும் வேலைக்கு இடைஞ்சல் செய்யாமல், கண்ணை மட்டும் திறந்து வைத்திருப்பது. பிரசவம் முடிந்தவுடன் ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும் கருப்பை, ஆறு வாரங்களில் நூறு கிராமுக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. குழந்தை பால் குடிக்கும்போதெல்லாம் தாயின் உடலே ஆக்சிடோசினைச் சுரக்கிறது. முதல் நாட்களில் பாலூட்டும்போது அடிவயிறு இழுத்துப் பிடித்து வலித்ததே, அது அந்த வேலைதான். உதிரப்போக்கு நான்கிலிருந்து ஆறு வாரம் வரை நிறம் மாறி, வெளுத்து, நின்றது.

எனக்குப் பெரிய மருந்தாக இருந்தது தூக்கம். இரவு பத்து மணிக்குப் பாலூட்டி முடித்ததும் குழந்தையைக் கணவர் வாங்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவார். அடுத்த பசிக்கு அழும்வரை, பெரும்பாலும் மூன்று மணி நேரம், கதவு திறக்காது. அந்த மூன்று மணி நேரம் முதல் பிரசவத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டாம் முறை அழுகை குறைந்ததற்கு இதுதான் காரணமா, வயதும் அனுபவமுமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பிரசவமான சில நாட்களில் வரும் அழுகையும் படபடப்பும் பெரும்பாலான தாய்மாருக்கு இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடுகின்றன. அந்தச் சமயத்தில் எதை விழுங்கியிருந்தாலும் பெயர் அதற்குப் போய்ச் சேரும்.

இரண்டு வாரம் தாண்டியும் அடங்காவிட்டால் கதை வேறு. மாத்திரையின் மீதான என் மிகப் பெரிய குறையும் இங்கேதான்: "இன்னும் கொஞ்ச நாள் சாப்பிட்டுப் பார்ப்போம்" என்று மனச்சோர்வுக்கான சிகிச்சையைத் தள்ளிப்போட வைத்துவிடும். மருத்துவப் பரிசோதனையில், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய உதவும் எடின்பரோ அளவுகோலின் பத்துக் கேள்விகளுக்குப் பதில் எழுத ஐந்து நிமிடம் போதும். உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, முதல் 24 மணி நேரக் கவனிப்புக்குப் பின், 48 முதல் 72 மணி நேரத்துக்குள்ளும், 7 முதல் 14 நாட்களுக்குள்ளும், ஆறாவது வாரத்திலும் தாயையும் குழந்தையையும் பார்க்க வேண்டும். நான் எதையும் தவறவிடவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் அணையாடை முழுதும் நனைவது, காய்ச்சல், கால் ஒன்று மட்டும் வீங்கி வலிப்பது, கடும் தலைவலி ஆகியவற்றுக்கு அந்தத் தேதிகளுக்குக்கூடக் காத்திருக்கக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் மாத்திரைதான் என்று முடிவு செய்பவர்கள், பிரசவத்தின்போது காய்ச்சலோ தொற்றோ இருந்திருந்தால் அந்த நஞ்சுக்கொடியை மட்டும் தொடவே வேண்டாம். மற்றவர்கள், குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று போகும் முதல் தடவையிலேயே, கேட்காவிட்டாலும், மாத்திரையைப் பற்றிக் குழந்தை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.